பிற காரணங்கள்

ஒன்பது நிமிடம், என்றாள் ரெகுலா கீசல்.
அடுப்பில் முட்டை வைத்திருந்தாளாம், அதனால் தெரியும்.
க்ளெட்காவ் சமவெளி, ஜூலை இருபத்தாறு.
நாளை மறுநாள் அறுக்க இருந்த கோதுமை.

ஆலி என்றொரு பழைய சொல் நம்மிடம் உண்டு,
நாவில் வைத்தால் கரைந்துவிடும்போல.
இங்கே விழுந்ததோ அக்ரூட் பருமன்.
கொட்டகைத் தகரத்தின் குழியொன்றில்
பெருவிரலை வைத்துப் பார்த்தேன்.
இன்னும் இடம் மிச்சமிருந்தது.

நான் காப்புறுதியிலிருந்து வருகிறவன்,
வானம் செய்ததை வீதத்தில் சொல்பவன்.
என்னிடம் ஒரு மரச்சட்டம், நாலு பக்கமும் சாண்.
நிலத்தில் வைத்து
உள்ளே உதிர்ந்த மணிகளை எண்ண வேண்டும்.
முழங்காலில் நின்றுதான் எண்ண வேண்டும்,
வேறு வழி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நடுவயலில் இருநூற்று எண்பத்தொன்று.
இருபதடி தள்ளி இருநூற்று அறுபத்தாறு.
கதிர்கள் வெறும் உமியாய் நின்றன,
பேன்சீப்பால் வாரிவிட்டதுபோல.
பக்கத்துச் சீனிக்கிழங்கில்
இலை போய் நரம்பு மட்டும்.

பிறகு வயலோரம்.
அங்கே ஆறு மீட்டர் அகலத்துக்கு
காசு தராத பயிர் போட்டிருந்தாள் அவள்:
சூரியகாந்தி, பக்வீட், சிக்கரி, கொஞ்சம் தினை.
எல்லாம் கௌதாரிக்கு.
இந்த வருடம் ஒரு சோடி, பதின்மூன்று குஞ்சு,
வசந்தத்திலிருந்து எண்ணி வைத்திருக்கிறாள்.

சூரியகாந்திகள் கழுத்தொடிந்து
தங்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தன.
தினை சேறோடு சேறு.
அவள் மைத்துனன் எர்வின், வேட்டைக்காரன்,
துப்பாக்கியில்லாமல் குனிந்து குனிந்து
முயல்குட்டி தேடிக்கொண்டிருந்தான்.
சிக்கரிக்கடியில் இரண்டு குஞ்சுகள் கிடந்தன,
நனைந்து, ஒரு கைக்குள் அடங்குமளவு.
நாய் எடுத்துவிடும் என்று
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.
பிறகு அந்தக் கையை எங்கே வைப்பதென்று
தெரியாமல் நின்றாள்.

இந்தக் கீற்றுக்குப் படிவத்தில் வரி இல்லை.

அதையொட்டிய கோதுமையில் சட்டத்தை வைத்தேன்:
முப்பத்தெட்டு.
மறுபடி எண்ணினேன். முப்பத்தெட்டுத்தான்.
கதிரோ மற்றவைபோலவே வெறுமை.
மண்ணில் கால்கீறல், நுனி வெளுத்த எச்சம்.
மணி உதிர்ந்திருக்கிறது,
எனக்கு முன்னே யாரோ எண்ணிவிட்டார்கள்.

விதி தெளிவானது.
வானம் உதிர்த்ததற்குக் காசு உண்டு,
அலகு பொறுக்கியதற்கு இல்லை.
அது கடைசிப் பெட்டி: பிற காரணங்கள்.

‘கதிரை எண்ணுகிறேன்,’ என்றேன் மெதுவாக,
‘நட்டம் முழுதாக வரும்.’
‘தின்னட்டுமென்றுதானே விதைத்தேன்.’
‘அது கீற்றில். இது கோதுமை.’
‘கீற்றில் இப்ப என்ன இருக்கு?’

பெட்டியில் மூன்று வீதம் எழுதினேன்.
ஏழு போடு, என்றாள்.
நாலு. ஏழு. நாலரை.
பதினாறு வருடத்தில்
தன் பணத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசிய ஆள்
இவள் ஒருத்திதான்.
ஐந்தில் முடித்தோம்.
கையெழுத்துப் போட்டாள், இடது கையால்,
வலது கை இன்னும் பைக்குள்.

மம்மல் பொழுதில் சட்டத்தைக் காரில் ஏற்றினேன்.
சோளக்கொல்லைப் பக்கம்
துருப்பிடித்த படலை திறப்பதுபோல் ஒரு குரல்.
தாய்தான், என்றாள். சிதறியதுகளைக் கூப்பிடுது.
பேசாதே என்று கையைக் காட்டினாள்.

ஒரு பதில், கிணற்றுப் பக்கமிருந்து.
இன்னொன்று. பிறகு சேர்ந்தாற்போல் மூன்று.
அவள் விரல்களை மடக்கிக்கொண்டே வந்தாள்.
ஏழு.
எர்வின் தொப்பியைக் கழற்றிக் காதைத் திருப்பினான்.
நெடுநேரத்துக்கு எதுவுமில்லை,
தூரத்தில் ரயில் போனது,
கூரையிலிருந்து கடைசி ஐஸ் சொட்டியது.

எட்டு, என்றாள்.

எனக்குக் கேட்கவில்லை.
படிவத்தை ஏற்கெனவே மூடிவிட்டேன்.