ஒரு குறில், ஒரு நெடில்

விடிகாலை நான்கு மணிக்கு
ப்ர்னோவில் பனி விழத் தொடங்கிய நேரம்
லீபாவை வெளியே விட்டோம்.
எங்கள் இயங்குதளங்களுக்கெல்லாம் மரத்தின் பெயர்தான்.
போன தடவை பூர்ச்சம். இந்தத் தடவை லீபா,
ஜூனில் பூத்து டிராம் நிறுத்தம்வரை மணக்கும்
எங்கள் தெரு மரம்.

ஏழு மணிக்குள் முதல் தொலைபேசி.
"குப்பைத்தொட்டியை ஏன் வலப்பக்கம் வைத்தீர்கள்?
இருபது வருடமாக என் கை இடப்பக்கம் போகிறது.
கைக்கு யார் சொல்வது?"
ஸ்னோய்மோ நகரத்துப் பல் மருத்துவர், ஸ்வாதவா.
ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார், சீக்கிரம் என்றார்.

பிறகு ஓயவில்லை.
எழுத்தெல்லாம் ஒல்லியாகிவிட்டதாம், பட்டினி போட்டீர்களா என்றார்கள்.
பழைய அச்சுப்பொறியைக் கண்டால்
புதுப் பணக்காரன்போல் முகம் திருப்புகிறதாம் லீபா.
மிகுலோவில் திராட்சைத் தோட்டக் கணக்கர் பொஹுமில்
கடிகாரத்தைக் காணோம் என்றார்.
அங்கேயேதான் இருந்தது, சாம்பல்மேல் சாம்பலாக.
"வெண்பனியில் வெள்ளைப் பூனையைத் தேடச் சொல்கிறீர்கள்."
இன்னொருவர் வேகம், பிரமாதம் என்று வாழ்த்தினார்;
மாலையில் அவரே அழைத்து
வாழ்த்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.
ஒரு பள்ளிச் சிறுமி மட்டும், நீலம் நன்றாக இருக்கிறது என்றாள்.
ஸ்பினெக் அதைச் சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டினான்.
அன்றைக்கு எங்கள் கூலி அவ்வளவுதான்.

பதினொன்றரைக்கு, தாலிபோர்.
ஓலொமோட்ஸில் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர்.
பார்வை கிடையாது;
திரையை வாசித்துச் சொல்லும் குரலோடு வேலை பார்ப்பவர்.
கோபமே இல்லை அவரிடம். அதுதான் பயமாக இருந்தது.

"முன்பெல்லாம் பொத்தானை அழுத்தினால் இரண்டு சுரம் கேட்கும்.
ஒன்று குட்டை, ஒன்று நீளம்.
விழித்துவிட்டது என்று காப்பிக் கோப்பையைக் கீழே வைப்பேன்.
இன்று அழுத்தினேன். ஒன்றுமில்லை.
மறுபடி அழுத்தினேன்.
எழுப்பினேனா, அணைத்தேனா, தெரியவில்லை.
காய்ச்சல் பார்ப்பதுபோல்
பெட்டியின் நெற்றியில் புறங்கையை வைத்துக்கொண்டு
நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன், அம்மணி."

ஒரு குறில். ஒரு நெடில்.
கூட்டினால் மூன்று மாத்திரை.

அதை எடுத்தது நான்தான்.
ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, டிராம் பிடிக்கும் அவசரம்.
உப்புக்குச் சப்பாணியாக ஒரு வரி நின்றது.
'யாரும் கேட்பதில்லை' என்று குறிப்பெழுதி அழித்தேன்.
தொடக்கத்தில் முக்கால் விநாடி மிச்சமென்று
கூட்டத்தில் கைதட்டினார்கள்.
அந்தக் கைதட்டல் முக்கால் விநாடியைவிட நீளம்.

என்னென்னவோ சொல்ல நினைத்து
"குறித்துக்கொண்டேன், ஐயா" என்றேன்.
"உங்கள் குரல் இறங்குகிறது," என்றார்,
"கால் சுரம் இருக்கும்."

கிடங்கில், மிதிவண்டிகளுக்குப் பின்னால்
பூர்ச்சம் ஓடும் கிழட்டுக் கணினி ஒன்று கிடந்தது.
தூசி தட்டினேன். எழுப்பினேன்.
தொலைபேசியை அதன் வாயருகே பிடித்தேன்.

மறுமுனையில்
கோப்பை தட்டில் அமரும் ஓசை.

ஒன்பதாம் நாள் திருத்தம் போனது.
அதே வரிதான். குறிப்பு மட்டும் வேறு:
'ஒருவர் கேட்கிறார்.'

ஏழு மணிக்குள் முதல் தொலைபேசி.
ஏதோ நூலகத்திலிருந்து, அடக்கிய குரலில் ஒரு பெண்:
"இது என்ன புது இரைச்சல்?
எங்கே போய் நிறுத்துவது?"

சொன்னேன்.
அமைப்புகள், ஒலி, அதில் இடப்பக்கம் மூன்றாவது...
இல்லை, மன்னியுங்கள், வலப்பக்கம்.
இப்போது வலப்பக்கம்.