நானூறு கிலோ, ஐந்து பேர்

லிஃப்ட் சுவரில் தகடு:
நானூறு கிலோ, ஐந்து பேர்.
அன்று நாங்கள் நான்கே பேர்.
கடைசியாக ஏறியவள் என் மகள்.
மணி அடித்தது.

ஒன்பதாம் மாடி ஞாம்கூ
குளிர்காலத்துக்கென வாங்கிய அரை மாடு
சாக்குக்குள் விறைத்து
மூலையில் சாய்ந்திருந்தது.
மாட்டை யாரும் பார்க்கவில்லை.
எல்லோரும் சோலொங்கோவைப் பார்த்தார்கள்.
நானும்தான்.

அவள் இறங்கினாள்.
மணி நின்றது, கதவு மூடியது.
அப்பாடா என்றிருந்தது எனக்கு.
இதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

பதினொரு வயது. ஐம்பத்தெட்டு கிலோ.
தராசில் நிறுத்திய செவிலி
உரக்கப் படித்தாளாம்.
வரிசையில் பின்னால் நின்றவன் காதில் வாங்கி
வகுப்புக்குக் கொண்டுபோனான்.
அன்றிலிருந்து அவள் பெயர் ஐம்பத்தெட்டு.
நவம்பரில் அறுபது ஆனபோதும்
பெயரை மாற்றவில்லை.
கணக்கில் சோம்பேறிகள், அந்தப் பையன்கள்.

பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது:
தினமும் ஒரு மணி நேரம்
பிள்ளையை வெளியே விளையாட விடவும்.
அதே வாரம் இன்னொரு தாள்:
நிலக்கரிப் புகை அதிகம்,
பிள்ளையை வெளியே விட வேண்டாம்.
இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே முத்திரை.
குளிர்பெட்டிக் கதவில்
பக்கத்தில் பக்கமாக ஒட்டிவைத்தேன்.

உலான்பாட்டரில் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள்.
உடற்பயிற்சிக் கூடத்தைப் பலகையால் தடுத்து
மூன்று வகுப்பறை ஆக்கினார்கள்.
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே
அவள் பின்னக் கணக்கு போடுகிறாள்.

நான் டாக்ஸி ஓட்டுகிறேன்.
ஓட்டுநர் என்று பெயர்; ஓடுவது கார்.
பதினான்கு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு
அலுப்பாக இருக்கிறதென்று
வீட்டுக்கு வந்து உட்காருகிறேன்.
பள்ளி நானூறு மீட்டர்.
புகை, பனி, தெருநாய் என்று
அதையும் காரிலேயே கொண்டுவிட்டேன்,
அன்பு என்று நினைத்துத்தான்.

ஜனவரியில் லிஃப்ட் செத்தது.
உதிரிபாகம் சீன எல்லையில் நிற்கிறதாம்.
எங்கள் வீடு பதினொன்றாம் மாடி.
படிகள் நூற்றெண்பது: அவள் எண்ணியது.

முதல் நாள்
நான்காம் மாடியில் நான் உட்கார்ந்துவிட்டேன்.
அவளுக்கும் மூச்சு வாங்கியது,
முகம் பீட்ரூட்.
ஆனால் உட்காரவில்லை.
சுவரில் கை வைத்து நின்றாள்.
"அப்பா, இந்த மாடியில்
யாரோ முட்டைக்கோஸ் வேகவைக்கிறார்கள்."

இன்னொரு நாள் ஆறாம் மாடியில்
முழங்காலைப் பிடித்தபடி ஞாம்கூ.
கடந்துபோகையில் கேட்டாள்:
"மாமா, மாடு எப்படி இருக்கிறது?"
அவனுக்குப் புரியவில்லை.
எனக்குப் புரிந்தது.

எட்டாம் மாடிச் சன்னலில் பனியைச் சுரண்டினால்
புகை நமக்குக் கீழே கிடக்கும்.
ஆடை படிந்த பால் மாதிரி.
அதற்கு மேலே மலை, முழுசாக.
தினமும் அங்கே ஒரு நிமிடம் நிற்பாள்.
என்ன பார்க்கிறாய் என்று கேட்டதில்லை.
பேச எனக்கு மூச்சும் இல்லை.

எடை குறைந்ததா என்கிறார்கள்.
தெரியாது. தராசு பள்ளியில் இருக்கிறது.

இருபத்து மூன்றாம் நாள்
லிஃப்ட்டுக்கு உயிர் வந்தது.
அவள் ஏறிக்கொண்டாள்.
"இன்றைக்குக் களைப்பாக இருக்கிறது அப்பா."
பின்னால் நான் ஏறினேன்.
உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர்.
மணி அடிக்கவில்லை.
இருந்தும் இறங்கினேன்.

நான்காம் மாடியில்
சுவரில் கை வைத்து நின்றேன்.
ஆமாம், முட்டைக்கோஸ்தான்.