ஆயுத வைப்புப் பதிவேடு

தேர்தல் தேதி சொன்ன மூன்றாம் நாள்
ஒடுகத்தூர் சுற்றுவட்டத்து உரிமக்காரர்கள்
கோணியில், பழைய லுங்கியில்,
ஒருவர் மட்டும் நீல வெல்வெட்டில்
சுற்றி எடுத்து வந்தார்கள்.
பதினொரு துப்பாக்கி.
நிலைய எழுத்தராக என் வேலை
எண் பார்ப்பது, எழுதுவது, பூட்டுவது.

வெல்வெட், தோல் மண்டியை மகன்களிடம் விட்டு
மாந்தோப்பில் குடியேறிய அத்தாவுல்லா சாகிபுடையது.
விசைக்குக் கீழிருந்த நெம்புகோலை இறக்கினார்.
கரையில் போட்ட கெண்டைபோல்
வாய் திறந்தது அது.
பக்கவாட்டில் கிரீடம், இரண்டெழுத்து,
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தெட்டு.
"விரலை விட்டுப் பாருங்க மேடம்."
என் சுண்டுவிரல் தாராளமாகப் போனது.
உள்ளே குளிர்ச்சி.

இதுவரை சுட்டதில்லையாம்.
தோட்டா கிடைக்காது.
கிடைத்தாலும் மனசு வராது.
வருஷத்துக்கு நாலு முறை எண்ணெய் குடிக்கும்,
அதற்குமேல் ஒரு செலவும் வைக்காது என்றார்,
வீட்டில் அடங்கிய மருமகளைச் சொல்வதுபோல.

கட்டையில் மூன்றங்குலத்துக்கு ஒரு கீறல்.
"அது எனக்கு முந்தி."
யாரைச் சுட்டது என்று கேட்க வாயெடுத்து
வரிசை எண்ணைக் கேட்டேன்.

அடுத்து முனிரத்தினம்.
வாய்வழி மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல்.
குழலையும் கட்டையையும் சேர்த்துக்
கட்டியிருந்தது செம்புக்கம்பி;
மோட்டார் சுற்றியதில் மிஞ்சியதாம்.
பயன்பாடு: பயிர்ப் பாதுகாப்பு.
"கடலை இப்பத்தான் பால் புடிச்சிகீது.
இந்த நேரத்துல வாங்கி வெச்சிக்கிறியேம்மா,
நடத்தை விதி அமுலுக்கு வந்துடுச்சின்னு
பன்னிகிட்ட யாரு போய் சொல்றது?"
எஸ்.ஐ. சிரித்தார்.
முனிரத்தினம் சிரிக்கவில்லை.
ரவை போட்டு நாலு வருஷமாகிறது,
வெறும் மருந்துதான், சத்தம் போதும் என்று
யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு
ரசீதை மடித்துப் பையில் வைத்தான்.

ஏப்ரல் முழுக்க எல்லோரும் பந்தோபஸ்துக்குப் போனார்கள்.
நானும் வயர்லெஸ்ஸும் மிஞ்சினோம்.

ஒரு ராத்திரி இரண்டு பத்துக்கு
பறிமுதல் வண்டிகளுக்குப் பின்னால் மண் அதிர்ந்தது.
டார்ச் அடித்தேன்.
பெட்டைப் பன்றி, பின்னால் கோடு போட்ட ஏழு குட்டி.
எஸ்.பி. ஐயா நட்ட தென்னங்கன்று
வேரோடு மல்லாந்து கிடந்தது.

இடுப்பில் வைப்பறைச் சாவி.
கதவுக்குப் பின்னால் பதினொரு குழல்;
யானை மிரளும், ஜவ்வாது மலை திரும்பக் கூப்பிடும்.
நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்து
லத்தியால் அடித்தேன்.

அது என்னைப் பார்த்தது.
தட்டைப் பார்த்தது.
கன்றின் குருத்தை மென்று முடித்தது.
பிறகு, ஏதோ தானாகத் தோன்றியதுபோல்,
குட்டிகளைக் கூட்டிக்கொண்டு
கடலைக்காட்டுப் பக்கம் நடந்தது.

நாட்குறிப்பில் எழுதினேன்:
ஒலி எழுப்பி விரட்டப்பட்டது.
ஆயுதம் பயன்படுத்தப்படவில்லை.

சனிக்கிழமை சாகிப் எண்ணெய்ச் சீசாவோடு வந்தார்.
கூடாது என்று எந்த விதியிலும் இல்லை,
கூடும் என்றும் இல்லை.
பத்து நிமிஷம் என்றேன்.
தன்னுடையதைத் துடைத்தார்.
பக்கத்தில் சாய்ந்திருந்த
செம்புக்கம்பிக்காரனையும் எடுத்தார்,
குழலுக்குள் ஊதி, முகர்ந்து,
"இதுதான் வேட்டைக்குப் போனது" என்றார்.
பொறாமை மாதிரி இருந்தது குரல்.
அதற்கும் எண்ணெய் போட்டார்.
துருப்பிடித்த அதன் குதிரையை
இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு,
என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வாக்கு எண்ணி முடிந்ததும்
பத்துப் பேர் முதல் நாளே வந்தார்கள்.
முனிரத்தினம் ஐந்தாம் நாள்.
"கடலை?"
"வாரிகினு பூட்ச்சி."
எந்தப் பக்கம் என்று அவன் சொல்லவில்லை,
எந்தப் பக்கம் போயின என்று நானும் சொல்லவில்லை.

துப்பாக்கியைக் கையில் வாங்கியவன்
குதிரையை ஒருமுறை தொட்டு நிமிர்ந்தான்.
"இன்னாம்மா பண்ணீங்க இத்த?"
கையெழுத்துப் போடு என்றேன்.
அவன் கைநாட்டு.
மைப்பெட்டியை நான் திறப்பதற்குள்
பெருவிரலை ஊன்றிவிட்டான்.
மஞ்சளாக, சுற்றிலும் ஊறி,
மறுபக்கத்துக்கும் இறங்கியது
எண்ணெய்.