புள்ளியில் தொடங்கும் பெயர்கள்

தார்த்து நகரம். ஜனவரி.
மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
ஹெல்யே மவுஸைக் கழற்றி
இழுப்பறையில், கையுறைகளுக்கு அடியில் போடுகிறாள்.
இனி விசைகள் மட்டும்.

கறுப்புத் திரையில் மூன்று பத்திகள்.
இடப்பக்கம், வந்த வழி.
நடுவே, நிற்கிற இடம்.
வலப்பக்கம்
இன்னும் நுழையாத அறையின் சன்னல் வெளிச்சம்.

ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஒலிக்கோப்புகள்.
எல்லாம் ஆந்தைகள்.
எந்த மரத்தடி, எத்தனை டிகிரி உறைகுளிர் என்று
பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறாள்.
ஆனாலும் பத்தாம் இரவு
இரண்டாம் இரவை முந்திக்கொண்டு நிற்கிறது.
எண்ணை எண்ணாக எண்ணச் சொல்லி
ஒரு வரி எழுதுகிறாள்.
இரவுகள் ஒழுங்காக வரிசைக்கு வருகின்றன.

இதை முதலில் எழுதியவர்கள் யாரோ, எந்த ஊரோ.
எச் என்றால் இடம், ஜே கீழ், கே மேல், எல் வலம்.
எல்லா எழுத்துக்கும் வேலை கொடுத்து முடித்துவிட்டார்கள்,
ஒன்றைத் தவிர.
அவள் மொழியில் ஓர் உயிரெழுத்து:
ஒகரமும் இல்லை, உகரமும் இல்லை,
தலையில் ஒரு நெளிகோடு.
விசைப்பலகையின் வலது கோடியில்
சும்மா நின்றுகொண்டிருக்கிறது.
யாரும் நினைத்துப் பார்க்காத எழுத்து,
அதனால் யாரோடும் மோதாது.
அதை ஆந்தைகளுக்குக் கொடுக்கிறாள்.
ஒரு தட்டு,
எங்கிருந்தாலும் கானகம்.

சேமிக்கிறாள். திறக்கவில்லை.
நாற்பத்தொன்றாம் வரியில் பிழையாம்.
ஒற்றை மேற்கோள்குறி, மூட மறந்தது.
தேநீர் ஆறி ஆடை கட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது.

அடுத்து, மறைந்தவற்றைக் காட்டும் விசை.

நம் எழுத்தில் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போகும், மெய் நிற்கும்.
அங்கே பெயருக்கு முன்னால் புள்ளி வைத்தால்
மெய்யும் கண்ணுக்குத் தெரியாது,
வட்டில் எடை மட்டும் இருக்கும்.

தட்டியதும் வந்து நிற்கிறது:
புள்ளி, உர்மாஸ்.

மூன்று வருஷத்துக்கு முன் அவளே வைத்த புள்ளி.
உள்ளே பதினெட்டுப் பதிவுகள், எல்லாம் கெட்டுப்போனவை.
தெர்மாஸ் மூடி திருகும் சத்தம்.
பனியில் மாறி நிற்கும் பூட்ஸ்.
"குளிருதா?" என்று ஒரு கிசுகிசுப்பு,
அதற்கு அவளுடைய "உஷ்".

அழிக்கும் விசையை இரண்டு முறை தட்டவேண்டும் என்று
சற்று முன்புதான் விதி எழுதியிருந்தாள்.
ஒன்று தட்டினாள்.

அதற்குள் வலப்பக்கம் படம் வரைந்து முடிந்தது.
நேற்று அவளே பொருத்திய முன்காட்சி,
ஒலியைக் கோடுகளாக்கிக் காட்டுவது.
கீழே ஆந்தையின் குரல், சாம்பல் மேடு போல.
பிறகு திரை உயரத்துக்கு ஒரு வெள்ளை வெட்டு:
உர்மாஸின் தும்மல்.
அன்று அதோடு நிறுத்திவிட்டாள்,
அதற்குமேல் கேட்டதே இல்லை.

பதினான்கு விநாடி தள்ளி
இன்னொரு மேடு. மங்கல், உயரம் கூடுதல்.
பெட்டை.
அந்த வருஷம் முழுக்க அந்தப் பகுதியில்
பெட்டையே இல்லை என்று அறிக்கை கொடுத்திருந்தாள்.

காதில் மாட்டிக்கொண்டு நான்கு தடவை கேட்டாள்.
தும்மலையும் சேர்த்துத்தான்.

எஸ்கேப்.
கோப்பை வெட்டி எடுத்து,
நெளிகோட்டு விசையைத் தட்டி,
கானகத்தில் ஒட்டுகிறாள்.
மீதிப் பதினேழும் புள்ளிக்குள் இருக்கட்டும்.

அமைப்புக் கோப்பின் கடைசியில்
வேலிக்குறி ஒன்று போட்டு ஒரு வரி சேர்க்கிறாள்.
அந்தக் குறிக்குப் பின்னால் வருவதை
இயந்திரம் படிக்காது.

# முடியும்வரை கேள்.