மெதுவாகத் திரும்பு

கெனமாவில் மழை விடாத ஆகஸ்ட்.
எபோலா வார்டுக்குள் போகுமுன்
என் நெஞ்சில் மார்க்கர் பேனாவால் எழுதுகிறார்கள்:
பைந்து. 9.10.
பெயர், உடுப்புக்குள் இருப்பது யாரென்று தெரிய.
நேரம், எப்போது வெளியே இழுக்க வேண்டுமென்று தெரிய.
நாற்பத்தைந்து நிமிடம். அதற்கு மேல்
ஆள் வெந்துவிடும்.

இருபத்தெட்டுப் படுக்கை. நாங்கள் இரண்டு பேர்.
கண்ணாடியில் என் மூச்சே படிந்து மறைக்கிறது.
நரம்பை இப்போதெல்லாம் கண் தேடுவதில்லை,
இரண்டு கையுறைக்கு அடியிலிருந்து
விரல் தேடுகிறது.

ஃபோடே என்றொரு பையன், ஏழு வயது.
எல்லோரும் மஞ்சள், எல்லோருக்கும் கண் மட்டும்.
அவன் என் நடையை வைத்துக் கண்டுபிடிப்பான்.
"வாத்து சிஸ்டர் வந்தாச்சு" என்பான்.
வியாழக்கிழமை சொல்லவில்லை.

நான் நினைத்தது இதுதான், மறைக்க ஒன்றுமில்லை:
ஒரு படுக்கை காலி.
பிறகு வேறு ஏதாவது தோன்றுமென்று
கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.
தோன்றவில்லை. 9.41 ஆகியிருந்தது.

இரண்டு மாதமாக ஆபத்துப்படி வரவில்லை.
ஃப்ரீடவுனிலிருந்து கிளம்பிவிட்டதாம்,
நடந்தே வருகிறது போல.
பைக் டாக்ஸிக்காரன் என் காலணியைப் பார்த்ததுமே
வேகமெடுக்கிறான்.
வீட்டுக்காரர் வாடகையை வாசல் வாளியில் போடச் சொல்கிறார்.
என்னைத் தொட்டதிலெல்லாம் அவருக்குப் பயம்,
அந்த ஈர நோட்டைத் தவிர.

ஜெனெபா போய் மூன்று வாரம்.
அவள் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில்
யாரும் தொடாமல் இருந்தது.
நேற்று மழைக்கு யாத்தா அதை மாட்டிக்கொண்டு போனாள்.
நான் கத்தினேன். அவள் கத்தினாள்.
"அவளுக்கு இனிமேல் கால் நனையாது" என்றாள்.
அப்புறம் இருவரும் ஈரத் தரையில் உட்கார்ந்து
வயிறு வலிக்கச் சிரித்தோம்,
காவலாளி பயந்துபோய் எட்டிப் பார்க்கும் வரை.

ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன். தேதி போடவில்லை.
போட்டால் நாளைக்கு யாத்தா தனி.

வெளியே வரும் வழியில் லாஹாய் நிற்பான்,
முதுகில் குளோரின் டப்பா, கையில் குழாய்.
மே மாதம் வரை பள்ளியில் கணக்கு வாத்தியார்.
"கையைத் தூக்கு, சிஸ்டர்.
இன்னும் மேலே.
இப்போது திரும்பு. மெதுவாக.
வலது காலைக் காட்டு."
நாள் முழுக்க என்னிடம் தண்ணீர் கேட்காத,
எப்போது வீட்டுக்குப் போவேன் என்று கேட்காத
ஒரே குரல்.
அவன் சொன்னபடி செய்தால் போதும்,
செத்துப்போக மாட்டேன்.
பூட்ஸைக் கவிழ்த்தால் வியர்வை,
ஒரு டம்ளர் இருக்கும்.

இரவு, வீட்டு வாசல்.
தியாங்கே கதவைத் திறந்துவிட்டாள்.
தட்டில் சோறு, மரவள்ளி இலைக் குழம்பு.
"உள்ளே வாயேன் அம்மா."
நான் மழையில் நிற்கிறேன்
இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு,
மெதுவாகத் திரும்பியபடி.
வலது காலை யாரும் இன்னும் கேட்கவில்லை.

"அம்மா," என்கிறாள்,
"சோறு ஆறுது."