உப்பு

ஆறு வருஷம் உப்பில்லாத கஞ்சி.
அப்படியும் வரும்.
எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்கள்
ஒரே நேரத்தில் ஹாரன் அடித்ததுபோல்
மார்புக்குள் கிளம்பும்.
நெற்றி தெறிக்கும். ஜாக்கெட் நனையும்.
பத்து நிமிஷம். பிறகு ஒன்றுமே நடக்காத முகத்தோடு
கன்டெய்னர் நம்பர் எழுதிக்கொண்டிருப்பேன்.

டென்ஷன், என்றார் டோல்கேட் டாக்டர்.
ஜெப எண்ணெய் தடவினாள் நாத்தனார்.
கொழுப்பு, என்றான் இன்னாசி,
தட்டு பறந்து சுவரில் மோதிய இரவில்.

ஸ்டான்லியில் ஒரு சின்னப் பெண்,
மை கசிந்த கோட்டுப் பை,
இருநூற்று இருபதைப் பார்த்து
மெஷினைத் தட்டிவிட்டு மறுபடி அழுத்தினாள்.
அப்புறம் என்னைப் பார்த்தாள்.

ஒருநாள் மூத்திரம் முழுக்க ஒரு கேனில்.
ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துப் போனேன்.
‘இன்னாம்மா, நல்லெண்ணெயா?’
‘ஆமா’ என்றேன்.

சிறுநீரகம் குல்லா போட்டிருக்குமாம்.
இடது குல்லாவுக்குள் ஒரு நாவல்பழம்,
ஸ்கேனில் தொட்டுக் காட்டினார் டாக்டர் வஹிதா.
புலி துரத்தினால் ஓடுவதற்கான சாற்றை
அது நினைத்தபோதெல்லாம் கொட்டுகிறது,
புலியே இல்லாத கொருக்குப்பேட்டையில்.

ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் மாத்திரை. கூடவே,
‘உப்பு நல்லா சேத்துக்கங்க ஜெசிந்தா.’
திரும்பக் கேட்டேன். நல்லா, என்றார்.
அன்று இரவு காசிமேட்டு நெத்திலிக் கருவாடு, ஊறுகாய்,
அழுதுகொண்டே தின்றேன்.
இன்னாசி பேசாமல் தண்ணீர் ஊற்றி வைத்தான்.

மூன்று துளை.
வயிற்றை டியூப் மாதிரி காற்றடித்து
கேமராவை இறக்கினார்களாம்.
பழத்தைத் தொட்டதும் மானிட்டர் எகிறியதாம்,
மயக்க டாக்டர் எழுந்தே நின்றுவிட்டாராம்.
ரத்தக்குழாயில் கிளிப் விழுந்ததும்
கிரேன் பெட்டியை இறக்குவதுபோல் இறங்கிற்றாம்.
எல்லாம் ‘ஆம்’தான். நான் பார்க்கவில்லை.
எனக்குத் தெரிந்தது
தோள்பட்டையில் மாட்டிக்கொண்ட காற்றின் குத்தலும்
நூற்றுப் பத்துக்கு எழுபது என்ற
அந்நியமான அமைதியும்.

வீட்டில் படுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன்.
எறிந்த தட்டுகளில் எதைப் பழம் எறிந்தது,
எதை நான்?
இன்னாசி குடித்து வந்த அன்று?
மகள் மூக்குக்கண்ணாடி தொலைத்த அன்று?
பழத்தைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள்,
இனி கேட்க முடியாது.
மகளை அறைந்தது மட்டும்
அதுவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

யார்டில் இருபத்திரண்டு நாள் சம்பளத்தை வெட்டிவிட்டு
சூப்பர்வைசர் கிருபாகரன் சிரித்தார்:
‘மூணு ஓட்டைக்கு மூணு வாரமா?’

பழக்கத்தில் மணிக்கட்டைப் பிடித்தேன்.
நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.
ஹாரன் இல்லை, வேர்வை இல்லை.
ஆனால் கோபம் இருந்தது,
யாரும் தள்ளிவிடாமல் தானாக வந்து
பக்கத்தில் நின்றது.

பேனாவை மூடி
அவர் மேஜைமேல் வைத்தேன்.
‘நானும் உப்பு போட்டுத்தான் சார் சாப்பிடறேன்.’

வெளியே
நம்பர் எழுத ஆளில்லாமல்
ஒரு பெட்டி அந்தரத்தில் நின்றது.