அரையே இருமா

ஆகஸ்டு முதல் திங்களன்று மூச்சிருந்தவர் கணக்கில் வருவார்.
சட்டம் அவ்வளவுதான்.
லெமுவேல் பர்செல் வந்து சேர்ந்தது அக்டோபரில்.
கொம்பாஹீ ஆற்றங்கரையில் நெல்லறுப்பு முடிந்து
களத்துத் தூசி இன்னும் அடங்காத மத்தியானம்.

அரசாங்கம் தாள் தரவில்லை.
சொந்தத் தாளில் தானே கோடு கிழித்திருந்தார்.
பெயருக்கு ஒரே ஓர் இடம்: ஐஷம் ரட்.
பதினாறு நிரம்பிய வெள்ளை ஆண், இரண்டு.
நிரம்பாதது, ஒன்று.
வெள்ளைப் பெண், மூன்று.
விடுதலை பெற்ற பிறர், சுழி.
கடைசிப் பத்தியில் இறகு நின்றது.

ரட் பன்றித்தொடையை அறுத்தபடியே சொன்னார்:
"அறுபத்தைந்து. குவாஷையும் சேர்த்து."
"சேர்த்து என்றால்?"
"செத்துப்போனான். மதகுப் பலகை விழுந்து. செவ்வாய்க்கிழமை."
"எந்தச் செவ்வாய்?"
"உங்கள் திங்களுக்கு மறுநாள்."

லெமுவேல் விரல்விட்டுப் பார்த்தார்.
செல்லும்.

அதே வாரம் வியாழனில் பிறந்த பிள்ளை செல்லாது.

குடிசை வரிசையில் கிழமைதான் பெயர்.
கடல் தாண்டி வரும்போது
கையிலிருந்து பிடுங்க முடியாமல் போனது அது ஒன்றுதான்.
ஞாயிறு பிறந்தவன் குவாஷ்.
செவ்வாய் பிறந்தவள் பெனிபா. அவள் கிழமையிலேயே அவன் போனான்.
வியாழனில் வந்தவன் குவாவ்.
ஏழு நாளும் அங்கே ஆளாக நடமாடியது.
தாளுக்குத் தெரிந்தது ஒரு திங்கள்.

அறுபத்தைந்து என்று எழுதி மணல் தூவினார்.
பெருக்கல் வேறு ஊரில் நடக்கும்.
அங்கே ஐந்து பேர் மூன்று பேராவார்கள்.
அறுபத்தைந்து முப்பத்தொன்பதாகி
ரட் சார்பில் சபையில் போய் உட்காரும்.
குவாஷுக்கு வாக்கில்லை.
வெள்ளையனுக்கு எதிராக அவன் சொன்ன வாக்கும்
எந்தக் கோர்ட்டிலும் ஏறியதில்லை.
இப்போது பேசுகிறான்,
ரட்டின் வாயால்.

நூற்றைம்பது தலைக்கு ஒரு டாலர், லெமுவேலின் கூலி.
அதில் மட்டும்
ஒவ்வொரு தலையும் முழுத் தலை.

இந்தப் பின்னத்துக்கு எங்கள் பழங்கணக்கில் பெயருண்டு.
அரையே இருமா.
நெல்லுக்கும் நிலத்துக்கும் வைத்த சொல்.
ஆளுக்கு வைத்தார்களா என்று
ஓலையைப் பிரித்துப் பார்க்க எனக்குப் பயம்.

அடுத்த எண்ணிக்கை பத்து வருடம் கழித்து.
அதுவரை குவாஷுக்குச் சாவில்லை.
சேற்றுக்குள் எலும்பு தனித்தனியாகப் பிரியும்,
காகிதத்தில் அவன் ஐந்தில் மூன்றாக
ரட்டுக்கு உழைத்துக்கொண்டிருப்பான்.
அதுவரை குவாவ் பிறக்கவில்லை.
நடப்பான், பல் விழுந்து முளைக்கும்,
பறவை விரட்ட வயலுக்குப் போவான்,
பிறக்காமலே.

லெமுவேல் தண்ணீர் கேட்டார்.
உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு
சுரைக்குடுக்கையில் கொண்டுவந்தவள் பெனிபா.
முதுகில் துணிக்கட்டு.
குனிந்தபோது உள்ளேயிருந்தது விழித்து
முழுத் தொண்டையில் அழுதது.

அவர் குடித்து முடித்தார். தாளை மடித்தார்.
குதிரை மட்டும்
காதைத் திருப்பியது.